டபுள் பேஸை சி-ஜி-டி-ஏ-வுக்கு மாற்றிவிட்டேன், கை வரவே மாட்டேன் என்கிறது. என்ன செய்வது?

கேள்வி கேட்டவர் வயலின் குடும்பத்தின் ஆகப் பெரிய வாத்தியமான டபுள் பேஸை, கீழ்த்தந்தியிலிருந்து இ-ஏ-டி-ஜி என்ற சுருதியில், 12 வருடம் வாசித்தவர். ஆறு வாரத்துக்கு முன் தந்திகளை சி-ஜி-டி-ஏ என்று மாற்றிக் கட்டியிருக்கிறார். இப்போது ஒரு எளிய ஸ்கேல்கூடத் தடுமாறுகிறது. ஒவ்வொரு சுரத்துக்கும் "முன்பு இங்கே இருந்தது, இப்போது இரண்டு இடம் தள்ளி" என்று மனக்கணக்குப் போட்டு வாசிக்கிறாராம். தொடர்ந்தால் வருமா, பழையபடியே கட்டிவிடலாமா, இரண்டையும் வைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்கிறார்.

வரும். நானும் 14 வருடம் பழைய சுருதியில் வாசித்துவிட்டு மாறியவன்தான். மேடையில் பயமில்லாமல் நிற்க எனக்கு நான்கு மாதம் ஆனது. யோசிக்காமல் வாசிக்க ஒன்றரை வருடம். ஆனால் அந்த மனக்கணக்கை நீங்கள் இன்றைக்கே நிறுத்த வேண்டும். உங்களைப் பிடித்து வைத்திருப்பது அதுதான். அதை நிறுத்திவிட்டு என்ன செய்வது என்பதைத்தான் இந்தப் பதில் முழுக்கச் சொல்லப்போகிறேன்.

முதலில் நம் பேச்சுக்கு வசதியாக இரண்டு பெயர் வைத்துக்கொள்வோம். கீழ்த்தந்தியை சட்ஜம் என்று வைத்தால் அடுத்த தந்தி மத்யமத்தில் நிற்பது பழைய முறை. அதை மத்யமக் கட்டு என்கிறேன். அடுத்த தந்தி பஞ்சமத்தில் நிற்பது புதிய முறை, பஞ்சமக் கட்டு. வயலின், வயோலா, செல்லோ மூன்றும் பஞ்சமக் கட்டில்தான் இருக்கின்றன. அந்தக் குடும்பத்தில் டபுள் பேஸ் மட்டும் மத்யமத்துக்குப் போனதற்குக் காரணம் கையின் அளவு. செல்லோவின் தந்தி சுமார் 69 சென்டிமீட்டர். அதில் முதல் பொசிஷனில் ஒன்றாம் விரலுக்கும் (ஆள்காட்டி விரல்) நான்காம் விரலுக்கும் (சுண்டு விரல்) நடுவே மூன்று ஸ்தானம், அதாவது மூன்று அரைச்சுரம், கிட்டத்தட்ட 10 சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடும். டபுள் பேஸின் தந்தி 105 சென்டிமீட்டர் அளவில் இருக்கும். அதே இடத்தில் அதே 10 சென்டிமீட்டருக்குள் இரண்டு ஸ்தானம்தான் அடங்கும். மூன்று வேண்டுமென்றால் 15 சென்டிமீட்டர் விரிக்க வேண்டும். அதனால்தான் சிமாண்டல் என்ற பழைய டபுள் பேஸ் பாடப்புத்தகத்தில் படித்த எல்லோரும் 1-2-4 என்று விரல் வைக்கிறோம்; மூன்றாம் விரல் நான்காம் விரலுக்குத் துணை நிற்கிறது. அடுத்த தந்தி மத்யமத்திலேயே தொடங்கிவிட்டால் கை நகராமலே ஸ்கேல் முடிந்துவிடும்.

அப்படி முடிவதை ஒரு முறை விரலில் பாருங்கள். மத்யமக் கட்டில் டி தந்தி: டி திறந்த தந்தி, இ ஒன்றாம் விரல், எஃப் ஷார்ப் நான்காம் விரல், அடுத்தது ஜி, அது பக்கத்துத் திறந்த தந்தி. கை இம்மி நகரவில்லை. பஞ்சமக் கட்டில் டி, இ, எஃப் ஷார்ப் வரை அதேதான். ஆனால் அந்த மேல் ஜி-க்குத் திறந்த தந்தி கிடையாது. பக்கத்துத் தந்தி ஏ. ஜி-யையும் டி தந்தியிலேயே எடுக்க வேண்டும், அதற்குக் கை நகர்ந்தாக வேண்டும்.

மேடையில் நான் விழுந்தது இந்த இடத்தில்தான். மாற்றிக் கட்டி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. ஒரு திருமண வரவேற்பில் நாலு பேர் குழு, ஜி மேஜரில் மெதுவான ஜாஸ் பாட்டு. டி செவன்த் கார்டு வந்தது. நான் டி, இ, எஃப் ஷார்ப் என்று ஏறினேன். மூன்றும் சுத்தமாக விழுந்தன. அடுத்த அடியில் எல்லோரும் ஜி-யில் இறங்க, என் வலது கை முதல் தந்தியைத் திறந்தபடி சுண்டியது. ஏ முழங்கிற்று. திறந்த தந்தி, கம்பளத்தைப் போட்டு மூடினாலும் அடங்காது. பியானோக்காரர் திரும்பிப் பார்த்தார். அன்று இரவு முழுக்க அந்த ஏ என் காதில் இருந்தது. ஏன் அங்கே தவறினேன் என்று நாட்கணக்கில் யோசித்த பிறகுதான் விஷயம் பிடிபட்டது.

நான்கு தந்திகளும் ஒரே அளவில் மாறவில்லை. இ தந்தி நான்கு ஸ்தானம் இறங்கி சி ஆனது. ஏ தந்தி இரண்டு இறங்கி ஜி ஆனது. ஜி தந்தி இரண்டு ஏறி ஏ ஆனது. டி தந்தி மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. புதிதாக மாறியவர்கள் எல்லோரும் "டி தந்தியாவது தெரிந்த தந்தி" என்று அதைப் பிடித்துக்கொண்டு பழகுகிறார்கள். நானும் அப்படித்தான் செய்தேன். அது தெரிந்த தந்தி இல்லை, பழைய வீட்டின் வாசற்படி. அதில் மூன்று சுரம் சரியாக விழுந்தவுடன் கை "ஓ, நம் வீடுதான்" என்று முடிவு செய்து, பழைய வழியிலேயே அடுத்த தந்திக்குத் தாவிவிடும். எனவே இனி மூன்று வாரம் டி தந்தியைத் தொடாதீர்கள். சி, ஜி இரண்டில் மட்டும் வாசியுங்கள், பிறகு ஏ தந்தி. டி கடைசி. இதை எந்தப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை, ஆனால் என்னிடம் வந்த மூன்று பேரிடம் சொன்னேன், மூன்று பேருக்கும் உதவியது.

இனி மனக்கணக்குக்குப் பதில் என்ன என்பதற்கு வருகிறேன். நம் ஊர்க் காரர்களுக்கு இதில் ஒரு பெரிய வசதி இருக்கிறது. சின்ன வயதில் சரளி வரிசை பாடியவரா நீங்கள்? இல்லாவிட்டாலும் பரவாயில்லை, பத்து நிமிடத்தில் பிடித்துவிடலாம்.

பஞ்சமக் கட்டில் ஒரு திறந்த தந்தி சட்ஜம் என்றால் அடுத்த திறந்த தந்தி பஞ்சமம். அப்படியானால் ச-ரி-க-ம ஒரு தந்தி, ப-த-நி-ச அடுத்த தந்தி. பூர்வாங்கம் ஒரு தந்தியில், உத்தராங்கம் ஒரு தந்தியில். மாயாமாளவகௌளையை எடுத்துக்கொள்ளுங்கள். ச-வுக்கும் ரி-க்கும் உள்ள தூரமே ப-வுக்கும் த-வுக்கும், க-வுக்கும் ம-வுக்கும் உள்ள தூரமே நி-க்கும் மேல் ச-வுக்கும். இரண்டு பாதியும் அச்சு அசல் ஒன்று. எனவே சி தந்தியில் கை என்ன செய்ததோ அதை அப்படியே ஜி தந்தியில் செய்தால் ராகம் முடிந்துவிடும். சங்கராபரணம், கரகரப்பிரியா, தோடி மூன்றும் இப்படித்தான். அரிகாம்போதியில் நிஷாதம் இறங்குவதால் மேல் பாதி மாறும். அதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

மத்யமக் கட்டில் இந்த ஒழுங்கு கிடையாது. அங்கே கை நிற்கும், தந்தி மாறும். இங்கே ஒவ்வொரு தந்தியிலும் கை ஒரு முறை நகரும், அந்த நகர்வு எல்லாத் தந்தியிலும் ஒன்றுதான். இதுதான் பஞ்சமக் கட்டின் உயிர். நீங்கள் கற்க வேண்டியது நாற்பது புதிய இடங்களை இல்லை, ஐந்தாறு நகர்வுகளை. ஒரு தந்தியில் கற்றால் நான்கிலும் கற்றதாகிவிடும்.

அந்த நகர்வைப் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம். சி தந்தியில் சங்கராபரணம். ச திறந்த தந்தி. ரி, நட்டிலிருந்து (கழுத்தின் உச்சியில் தந்தி படியும் மேடு) இரண்டாவது ஸ்தானம், ஒன்றாம் விரல். அடுத்து க நான்காவது ஸ்தானம், ம ஐந்தாவது. பழைய பழக்கத்தில் க-வில் நான்காம் விரலை வைத்துவிடுவீர்கள், பிறகு ம-வுக்கு விரல் இல்லாமல் அதே விரலைச் சறுக்குவீர்கள். கேட்க அசிங்கமாக இருக்கும். அப்படிச் செய்யாமல், ரி-யில் ஒன்றாம் விரலை வைத்ததும் கையை ஒரே ஒரு ஸ்தானம், ஏறத்தாழ 5 சென்டிமீட்டர், முன்னால் சாயுங்கள். இப்போது க-வில் இரண்டாம் விரல், ம-வில் நான்காம் விரல் தானாக வந்து உட்காரும். ஆக 0-1-2-4. ஒன்றாம் விரலுக்கும் இரண்டாம் விரலுக்கும் நடுவேதான் கை நகர்கிறது.

இதில் கட்டைவிரலைக் கவனியுங்கள். கழுத்துக்குப் பின்னால் இருக்கும் கட்டைவிரல் இடம் பெயர வேண்டியதில்லை. அது கதவின் கீல் மாதிரி நிற்க, உள்ளங்கை மட்டும் சாய்ந்து வர வேண்டும். பிரான்ஸுவா ரபாத் பாடமுறையில் வந்தவர்களுக்கு இந்தச் சாய்வு நன்றாகத் தெரியும். சிமாண்டல் வழியில் வந்தவர்களுக்கு முதலில் தப்பு செய்வதுபோலவே இருக்கும், ஏனென்றால் நமக்குக் கை நகர்ந்தால் கட்டைவிரலும் கூடவே போக வேண்டும் என்று சொல்லித்தான் வளர்த்தார்கள். நான் இந்த ஒரே நகர்வை, 0-1-2-4, கண்ணை மூடிக்கொண்டு சி தந்தியில் ஒரு வாரம் வாசித்தேன். காலையில் கால் மணி நேரம், இரவில் கால் மணி நேரம். வேறு எதுவும் இல்லை. எட்டாம் நாள் ஜி தந்திக்குப் போனபோது கை தானாகச் சென்றது.

கரகரப்பிரியாவில் ரி ஒன்றாம் விரல், க-வுக்கும் ஒன்றாம் விரல்தான், அங்கிருந்து ம நான்காம் விரல். மாயாமாளவகௌளையில் ரி நட்டை ஒட்டிய முதல் ஸ்தானம். அதிலிருந்து க-வுக்குத் தாவ 11 சென்டிமீட்டர் போல முழுக் கையும் நகர வேண்டும், இங்கே சாய்வு உதவாது, கட்டைவிரலும் வர வேண்டும். ஆகவே சரளி வரிசையை வழக்கத்துக்கு மாறாக சங்கராபரணத்தில் தொடங்கி, பிறகு கரகரப்பிரியா, கடைசியில் மாயாமாளவகௌளை என்று போங்கள்.

ஒவ்வொரு சுரத்தையும் வாசிப்பதற்கு முன் பாடுங்கள். வாய்விட்டு, சுரப் பெயரோடு. இதை நான் வற்புறுத்திச் சொல்கிறேன். பழைய கை "இ என்றால் இங்கே" என்று எழுத்துப் பெயரில் பதிந்திருக்கிறது. க என்று பாடி எடுத்தால் அந்தப் பழைய பதிவு எழும்பாது; காது கேட்டதைக் கை தேடிப் போகும். கை காதின் பின்னால் போகத் தொடங்கிய நாளில்தான் எனக்கு மனக்கணக்கு நின்றது.

கையும் காதும் பிரிந்து போவது எவ்வளவு பழைய சங்கதி என்பதற்கு ஒன்று சொல்கிறேன். 17-ஆம் நூற்றாண்டில் பீபர் என்ற இசையமைப்பாளர் வயலினுக்கு எழுதிய ரோசரி சொனாட்டாக்கள் 15. அவற்றில் முதலாவதைத் தவிர மற்ற 14-க்கும் வயலினின் தந்திகளை வெவ்வேறு விதமாக மாற்றிக் கட்ட வேண்டும். வயலின்காரர் குழம்பிவிடக் கூடாது என்று, கேட்கும் சுரத்தை எழுதாமல் விரல் வைக்கும் இடத்தை எழுதினார்கள். கை பழைய இடத்திலேயே வாசிக்கும், காதில் வேறு விழும். ஒரு துண்டு இசைக்கு அது போதும். நீங்கள் நிரந்தரமாக மாறப்போகிறீர்கள். உங்களுக்கு அந்தக் குறுக்குவழி உதவாது. சிலர் நோட்டேஷனை மாற்றி எழுதி வைத்துக்கொண்டு பழைய விரலிலேயே வாசிக்கப் பார்க்கிறார்கள். வேண்டாம்.

விரலை விரித்துச் சமாளிக்கலாமே என்றும் கேட்டிருக்கிறீர்கள், 1-2-3-4 என்று ஸ்தானத்துக்கு ஒரு விரல். நட்டுக்கு அருகில் அது 15 சென்டிமீட்டர் என்று மேலே சொன்னேன். ஓரிருவர் கைக்கு எட்டும். எட்டினாலும் அந்தக் கனமான தந்தியை அழுத்திக்கொண்டு மணிக்கணக்கில் விரித்து நின்றால் மணிக்கட்டும் முன்கையும் கெட்டுப்போகும். ஆனால் தந்தியில் மேலே போகப் போக ஸ்தானங்கள் நெருங்கும். திறந்த தந்திக்குப் பஞ்சமம் வரும் இடத்தைத் தாண்டியதும் அதே மூன்று ஸ்தானம் 11 சென்டிமீட்டருக்குள் வந்துவிடும். நட்டுக்கு அருகில் நம் கை ஏற்கெனவே பழகிய விரிப்பு கிட்டத்தட்ட அதுதான். அங்கிருந்து நான்கு விரலையும் தாராளமாகப் பயன்படுத்துங்கள். அந்த உயரத்தில் பஞ்சமக் கட்டு செல்லோ போலவே ஆகிவிடும், உண்மையிலேயே சுகமாக இருக்கும்.

பழைய கைத்திறன் எல்லாம் வீண் என்று எழுதியிருந்தீர்கள். இல்லை. ஒரே விரலைப் படுக்க வைத்து இரண்டு தந்தியைச் சேர்த்து அழுத்துவது நமக்குப் பழக்கம். முன்பு அதில் மத்யமம் வந்தது, இப்போது பஞ்சமம் வரும், அவ்வளவே. ஆக்டேவ் மட்டும் கண்ணாடியில் பார்த்ததுபோல் திரும்பிவிடும்: முன்பு ஒரு தந்தியைத் தாண்டி ஒன்றாம் விரலிலிருந்து நான்காம் விரலுக்குப் போனீர்கள், இப்போது ஒரு தந்தியைத் தாண்டி நான்காம் விரலிலிருந்து ஒன்றாம் விரலுக்கு. இதை ஒருமுறை உணர்ந்து வாசித்துவிட்டால் மறக்காது. புதிதாகக் கிடைப்பதும் உண்டு. மேஜர் டென்த், அதாவது ஆக்டேவுக்கு மேல் உள்ள காந்தாரம், இப்போது ஒரு தந்தியைத் தாண்டி ஒன்றாம் விரலும் நான்காம் விரலும். இரண்டையும் சேர்த்து மீட்டிப் பாருங்கள். பியானோவின் இடது கை மாதிரி ஒலிக்கும்.

ரெட் மிட்சல் வாசிப்பைக் கேட்டவர்களுக்கு இந்த ஒலி பரிச்சயமாக இருக்கும். 1927-இல் நியூயார்க்கில் பிறந்த அவர், ஜாஸ் உலகில் பெயரெடுத்த பிறகு, 1966-இல் பஞ்சமக் கட்டுக்கு மாறினார். இரண்டு வருடம் கழித்து ஸ்டாக்ஹோமில் குடியேறி, 1992-இல் இறக்கும் ஆண்டுவரை பெரும்பாலும் அங்கேயே இருந்தார். நாற்பதை நெருங்கும் வயதில், கை முழுக்க முதிர்ந்த பிறகு அவர் மாறினார் என்பது எனக்குப் பல இரவுகளில் தெம்பாக இருந்தது. செவ்வியல் பக்கம் கனடாவின் ஜோயல் குவாரிங்டன். ஒட்டாவாவின் நேஷனல் ஆர்ட்ஸ் சென்டர் ஆர்கெஸ்ட்ராவில் முதன்மை பேஸ் வாசித்தவர், பஞ்சமக் கட்டில்தான். ஆர்கெஸ்ட்ராவில் இது நடக்காது என்று யாராவது சொன்னால் அவர் பெயரைச் சொல்லுங்கள். உண்மையில் டபுள் பேஸுக்கு ஒரே சுருதி என்பது எப்போதும் இருந்ததில்லை. 18-ஆம் நூற்றாண்டு வியன்னாவில் எஃப்-ஏ-டி-எஃப் ஷார்ப்-ஏ என்று ஐந்து தந்தி கட்டினார்கள். டிட்டர்ஸ்டார்ஃபின் டபுள் பேஸ் கான்செர்ட்டோ அதற்கு எழுதியதுதான். 19-ஆம் நூற்றாண்டில் பேஸ் வித்வான் பொட்டெசினி மூன்றே தந்தியில் உலகம் சுற்றினார்.

தந்தி விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் பழைய தந்திகளையே முறுக்கி மாற்றியிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். உங்கள் தடுமாற்றத்தில் பாதி இதனால்தான் என்று சந்தேகப்படுகிறேன். சுருதி ஏறினால் இழுவிசை அதன் வர்க்கத்தில் ஏறும். பழைய ஜி தந்தியை ஏ-வுக்கு முறுக்கினால் இழுவிசை 26 சதவீதம் கூடுகிறது. இ தந்தியை சி-க்குத் தளர்த்தினால் 37 சதவீதம் குறைகிறது. ஒரு பக்கம் கம்பி மாதிரி விறைப்பு, மறுபக்கம் தொங்கும் கயிறு. அதில் எந்தக் கையும் தடுமாறும், வாத்தியத்துக்கும் நல்லதல்ல. ஏ-வுக்கு சோலோ டியூனிங் செட்டின் முதல் தந்தியை வாங்குங்கள். அது ஏ-வுக்கென்றே செய்தது. சி-க்கு ஐந்து தந்தி பேஸின் பி தந்தியை ஒரு ஸ்தானம் ஏற்றிக் கட்டலாம். பஞ்சமக் கட்டுக்கென்றே விற்கும் செட்டும் கிடைக்கிறது, விலை அதிகம். சி தந்தி தடிமனானது; நட்டிலும் பிரிட்ஜிலும் உள்ள பள்ளத்தை ரிப்பேர் செய்பவரிடம் கொடுத்து அகலப்படுத்த வேண்டும். அங்கே நீங்களே அரம் வைக்காதீர்கள்.

சுருதி சேர்ப்பதும் மாறிவிட்டது. முன்பு கீழ்த்தந்தியில் கால்வாசி இடத்தைத் தொட்டு, மேல்தந்தியில் மூன்றிலொரு இடத்தைத் தொட்டு, இரண்டு ஹார்மோனிக்கும் (தந்தியை அழுத்தாமல் தொட்டு எழுப்பும் சுரம்) ஒன்றா என்று கேட்டோம். இப்போது கீழ்த்தந்தியில் மூன்றிலொரு இடம், மேல்தந்தியில் சரிபாதி. சி தந்தியின் மூன்றிலொன்றில் 98 ஹெர்ட்ஸ் ஜி கேட்கும், ஜி தந்தியின் பாதியிலும் அதே ஜி. இரண்டையும் சேர்த்து வில் போட்டால் முதலில் அலையடிக்கும். முறுக்காணியைத் துளித்துளியாகத் திருப்பத் திருப்ப அலை நீண்டு, நீண்டு, நின்றுவிடும். நின்ற அந்த நொடியில் வாத்தியத்தின் உடம்பு முழுக்க ஒரு ரீங்காரம் ஓடும். விலா எலும்பில் சாய்த்து வைத்திருப்பதால் உங்களுக்கே தெரியும். அந்த ரீங்காரத்துக்காகவே மாறலாம் என்று நான் நினைத்திருக்கிறேன்.

வில் பற்றி ஒன்றே ஒன்று. சி 32.7 ஹெர்ட்ஸ், தந்தி அசையத் தொடங்கவே நேரம் எடுக்கும். வில்லைத் தந்தியில் வைத்து, எடை இறங்கியதும் மெதுவாக இழுங்கள். வேகமாக இழுத்தால் விசில்தான் வரும். குழுவோடு வாசிக்கும்போது ஒரு மயிரிழை முன்னதாகவே தொடங்க வேண்டியிருக்கும்.

வாக்கிங் பேஸ், அதாவது அடிக்கு ஒரு சுரமாக நடந்து போகும் ஜாஸ் வரி, வாசிப்பவர் நீங்கள் என்பதால் அதையும் சொல்கிறேன். எஃப் ப்ளூஸில் எஃப், ஏ, சி, டி என்று ஒரு வரி. எஃப் சி தந்தியின் ஐந்தாம் ஸ்தானம், நான்காம் விரல். கையைப் பின்னால் சாய்த்து ஜி தந்தியில் ஏ, ஒன்றாம் விரல். முன்னால் சாய்த்து அதே தந்தியில் சி, நான்காம் விரல். டி திறந்த தந்தி. மேலே பழகிய அதே 5 சென்டிமீட்டர் சாய்வு, முன்னும் பின்னும். நிமிடத்துக்கு 60 அடி வேகத்தில் தொடங்குங்கள். வேகமான பாட்டுகளில் பஞ்சமக் கட்டு மத்யமக் கட்டைவிடக் கடினம்தான், அதை மறைக்கப் போவதில்லை. வாரம் ஐந்து நாள் ஜாஸ் நிகழ்ச்சியில்தான் சாப்பாடு என்றால், நிகழ்ச்சி குறைவாக இருக்கும் மாதம் பார்த்து மாறுங்கள். சோலோ, சேம்பர், வில் வாசிப்பு என்று போகிறவர் என்றால் தயங்கவே வேண்டாம். பாஹின் செல்லோ சூட்டுகள் ஓர் ஆக்டேவ் கீழே, செல்லோ எந்தத் தந்தியில் வாசிக்கிறதோ அதே தந்தியில் கிடைக்கும். ஆர்கெஸ்ட்ராவில் இ-க்குக் கீழே எழுதியிருக்கும் சுரங்களுக்கு, கீழ்த்தந்தியை நீட்டும் எக்ஸ்டென்ஷன் மாட்ட வேண்டாம், ஐந்தாவது தந்தி வேண்டாம். பேத்தோவனின் ஐந்தாம் சிம்பொனியில் மூன்றாம் பகுதியின் நடுவே செல்லோவும் பேஸும் சேர்ந்து பாயும் இடத்தைப் பக்கத்துச் செல்லோக்காரரின் வில்லைப் பார்த்துக்கொண்டே வாசிக்கலாம். தந்தி மாறும் இடம் இருவருக்கும் ஒன்றாகவே அமையும்.

ஆறு வாரத்தில் திரும்பிப் போகாதீர்கள். ஆறு வாரம் என்பது பழையது கலைந்து புதியது உட்காராத காலம். இந்த நேரத்தில் மாற்றிக் கட்டினால் இரண்டும் அரைகுறையாகிவிடும். இன்னும் மூன்று மாதம் கொடுங்கள், அதுவரை மத்யமக் கட்டுள்ள எந்த பேஸையும், பேஸ் கிட்டாரையும்கூட, தொடாதீர்கள்.

அதற்குப் பிறகு இரண்டையும் வைத்துக்கொள்ளலாமா என்றால், தாராளமாக. எனக்குத் தெரிந்த வயலின்காரர்கள் சிலர் காலையில் ஸ்டூடியோவில் ஜி-டி-ஏ-இ, மாலையில் கச்சேரியில் ச-ப-ச-ப என்று இரண்டு சுருதியில் வாசிக்கிறார்கள். ச-ப-ச-ப-வில் நடு இரண்டு தந்திக்கு இடையே பஞ்சமம் இல்லை, மத்யமம். ஆகவே அவர்கள் கையும் நம்மைப் போலவே இரண்டு வரைபடம் வைத்திருக்கிறது. குழப்பாதா என்று அவர்களில் ஒருவரிடம் கேட்டேன். "நாற்காலியில உட்கார்ந்தா ஒரு கை சார், தரையில சம்மணம் போட்டு வயலினைக் கணுக்கால்ல சாய்ச்சா இன்னொரு கை. உடம்பே சொல்லிக் குடுத்துடும்" என்றார். அன்றிலிருந்து மத்யமக் கட்டு பேஸை நின்றுகொண்டும், பஞ்சமக் கட்டு பேஸை உயரமான ஸ்டூலில் உட்கார்ந்தும் வாசிக்கிறேன். ஸ்டூலில் ஏறி உட்கார்ந்ததும் இடது கை தானாக அந்த 5 சென்டிமீட்டரைச் சாயத் தயாராகிவிடுகிறது.